சின்ன மௌவுக்கு வியாதி கிடையாது

ஹெய்ஷிபா சந்தைக்கு வந்து "சின்ன மௌ யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். தலை முழுக்க நரைத்து, மேல்வரிசைப் பல்லைச் செட்டாகக் கழற்றி மாட்டுகிற எண்பது வயசுக்காரர் ஒருத்தரைக் காட்டுவார்கள். கேலி ஒன்றுமில்லை. அவர் பேர் மௌ லுன்ஹாய். அவருடைய அப்பா மௌ ஷிச்சாய் நூற்றிரண்டு வயசில் இன்னும் சம்மணம் போட்டு உட்கார்ந்து சோளச் சாராயம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் பெரிய மௌ. அவர் இருக்கிறவரைக்கும் இவர் சின்ன மௌதான், வேறு வழியில்லை.

எங்கள் மலைப்பக்கத்துப் பழக்கம் அப்படி. அப்பன் உயிரோடு இருக்கும்போது மகன் தன்னைக் கிழவன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. தாடி விடக்கூடாது, பிறந்தநாளுக்குப் பந்தி போடக்கூடாது, அப்பன் காதுபட "ஐயோ இடுப்பே" என்று முனகக்கூடாது. மற்ற வீடுகளில் இந்த அவஸ்தை ஐம்பது அறுபது வயசோடு முடிந்துவிடும். அப்பன்மார் நல்லபடியாகப் போய்ச்சேர்ந்து மகன்களுக்கு வழிவிடுவார்கள். சின்ன மௌவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போன வருஷம் எண்பது முடிந்தபோது கூடப் படித்தவர்கள், மிச்சம் இருக்கிறதே மூன்று பேர்தான், "ஒரு விருந்து போடுடா" என்று நச்சரித்தார்கள். அவர் வீட்டுக்குப் போய், ஒரு கிண்ணம் பிறந்தநாள் நூடுல்ஸுக்கு அடியில் முட்டையை ஒளித்துவைத்துத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பன்றிக்குத் தவிடு வைக்கப் போய்விட்டார்.

பதினைந்து வயசில் கூட்டுறவுக் கடைக்குச் சுமைக்காரராகச் சேர்ந்தவர். வண்டி ஏறாத மேல்கிராமங்களுக்கு எல்லாமே அவர் முதுகுக்கூடையில்தான் ஏறியது. உப்பு, துணி, வெந்நீர்க் குடுவை, பள்ளிக்கூடப் புத்தகம், ஒரு தடவை சினைப்பன்றி, ஒரு தடவை பிரசவ வலியில் துடித்த ஆசிரியர் மனைவி. ஆசிரியர் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடிவந்தார், பன்றிக்காரர் அதைவிட அழுதார் என்று சின்ன மௌ சொல்வார். கையில் குறுக்குத்தலை வைத்த தாங்குகட்டை ஒன்று இருக்கும். மூச்சு வாங்கினால் கூடையை இறக்கவேண்டாம், கட்டையை அடியில் முட்டுக்கொடுத்து நின்றபடியே இளைப்பாறிக்கொள்ளலாம். நாற்பது வருஷம் இப்படி நின்றே இளைப்பாறிய மனுஷர். மனைவி போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் தொலைவில் ஷென்ழென் நகரத்தில் பேரக்குழந்தை வளர்க்கிறாள். மலைச்சரிவின் மேல்வீட்டில் அப்பாவும் மகனும், இரண்டு பன்றிகளும்தான்.

இப்போது அந்தக் கூடையில் ஏறுவது பெரிய மௌ. மூன்று, ஆறு, ஒன்பது என்று முடிகிற தேதிகளில் சந்தை. மூன்று கிலோமீட்டர் இறக்கம். பெரிய மௌவுக்கு வண்டி ஆகாது, ஏறி உட்கார்ந்தாலே வாந்தி. அதனால் கூடைக்குள் ஒரு பலகை போட்டு, பின்பக்கம் பார்த்தாற்போல் அவரை உட்கார்த்தி, சின்ன மௌ தூக்கிக்கொண்டு இறங்குவார். ஆள் முப்பத்தெட்டு கிலோதான். ஆனால் வாய் மட்டும் தனியாக ஒரு இருபது கிலோ இருக்கும்.

"டேய், மெதுவா போடா. யாரோ துரத்துற மாதிரி ஓடுற."

"மெதுவாத்தான்பா போறேன்."

"அப்ப எதுக்குடா உனக்கு இப்படி மூச்சு வாங்குது? உன் வயசுல நான் கல்லு சுமந்தேன்."

சின்ன மௌவின் வயசில் அவர் சுமந்தது சீட்டுக்கட்டு. ஊருக்கே தெரியும். ஆனால் மகன் வாயைத் திறக்கமாட்டார்.

பெரிய மௌவுக்கு ஒரு பெருமை உண்டு. அவருக்கு வியாதியே கிடையாது. டீக்கடையில் யாராவது "எனக்குச் சர்க்கரை" என்று ஆரம்பித்தால் போதும், பிடித்துக்கொள்வார். "எங்க காலத்துல வியாதிக்குப் பேரு கிடையாதுய்யா. பேரு இல்லாததால அதுக்கு எங்க வீடு தெரியல. இப்ப ஒவ்வொண்ணுக்கும் பேரு வெச்சு, நம்பர் வெச்சு, வாசல்ல கூப்பிட்டு உட்கார வெச்சுட்டீங்க." புகைபோட்ட பன்றிக்கொழுப்பை மிளகாய் ஊறுகாயோடு விழுங்கிவிட்டு இதைச் சொல்வார். கேட்பவனுக்கு, சர்க்கரைக்குப் பயந்து அவித்த பூசணிக்காயைத் தின்றுவிட்டு வந்தவனுக்கு, எப்படி இருக்கும்? அவர் இருபது அடி தானாக நடந்து வருஷக்கணக்காகிறது. இடது காது கேட்காது. எதிரே நிற்பது ஆளா தூணா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார். ஆனால் அதெல்லாம் வியாதிக் கணக்கில் வராதாம். வயசாம்.

சின்ன மௌவுக்கோ முறையாக, டாக்டர் எழுதின ஐந்து உண்டு. சர்க்கரை. முட்டித் தேய்மானம். சுமந்து சுமந்து நகர்ந்த இடுப்பு வட்டு. கண்புரை. ஆண்பிள்ளைகளுக்கு வயசான காலத்தில் வருகிற அந்த மூத்திரக் கோளாறு. மாத்திரைகளை அப்பா கண்ணில் படவிடமாட்டார். "நான் இருக்கும்போது நீ மருந்து திங்கிறியா, என்னைத் தாண்டிப் போகப் பார்க்குறியா" என்று ஒருமுறை கேட்டுவிட்டார், அதோடு சரி. வீட்டில் அப்பா கைவைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான், பரணில் இருக்கிற அவருடைய சவப்பெட்டி. எங்கள் பக்கத்து வழக்கப்படி நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே செய்துவைத்தது. வருஷாவருஷம் மெருகு பூசி, கண்ணாடியாக மின்னுகிறது. சின்ன மௌவின் மாத்திரை டப்பாக்கள் அதற்குள்தான். தினம் காலையில் சோளம் எடுக்கிற சாக்கில் பரணேறி, மூடியைத் தூக்கி, ஐந்தையும் வாயில் போட்டுக்கொண்டு இறங்கிவருவார். முட்டி தேய்ந்தவர் முட்டி மாத்திரைக்காகத் தினமும் ஏணி ஏறுகிறார். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

இதுவரை சொன்னது ஊருக்குத் தெரிந்த கதை. தெரியாத ஒன்று இருக்கிறது. அது சின்ன மௌவுக்கும் கிராமத்து டாக்டர் பெங்குக்கும் மட்டும்தான் தெரியும், அல்லது அவர்கள் அப்படி நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பெரிய மௌ சாப்பிட்டுக்கொண்டிருந்தபடியே சரிந்துவிட்டார். பெங் ஓடிவந்து, பிரஷர் பட்டையைக் கையில் சுற்றி அமுக்கினார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இதயம் பெருத்திருந்தது, நெஞ்சில் புகையிலைச் சளி வேறு. மூன்று வியாதியும் எத்தனை வருஷமாகக் குடியிருந்தனவோ, கூப்பிட்டுப் பார்க்க ஆளில்லாததால் சத்தமில்லாமல் இருந்திருக்கின்றன. பெரிய மௌ கண்ணைத் திறந்தார். கையில் கட்டு விழுந்திருப்பதைப் பார்த்தார். அவ்வளவுதான், பட்டையைப் பிய்த்து எறிந்து, தட்டை எறிந்து, பெங்கையும் எறியப் பார்த்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருக்கு இருபத்தொரு வயசாக இருந்தபோது பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறவர்கள் வந்து, இந்த ஊரில் ஏழு பேரை ஒரே கயிற்றில் புஜத்தோடு புஜம் சேர்த்துக் கட்டிக் கொண்டுபோனார்கள். படகுத்துறையில் இவர் மட்டும் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார். மற்ற ஆறு பேர் வரவேயில்லை. அதில் ஒருத்தர் அவருடைய சொந்த அண்ணன். அன்றிலிருந்து அந்தக் கையில் கைக்கடிகாரம்கூடக் கட்டினதில்லை. "கையில கட்டு விழுந்தா ஆள் திரும்பறதில்ல" என்பார். இவரிடம் போய் மாதாமாதம் பட்டை சுற்றவேண்டும், தினம் மாத்திரை விழுங்கவேண்டும் என்று யார் சொல்வது?

அதனால் பெங் அந்த மூன்று வியாதியையும் மகன் பேரில் எழுதினார். மாத்திரை மகன் பேரில் வந்தது. சின்ன மௌ அதை அம்மியில் நுணுக்கி, காலையில் அப்பா விரும்பிக் குடிக்கிற கறுப்பு எள்ளுக்கூழில் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கலந்தார். மாதம் ஒருதரம், மத்தியானச் சாராயத்துக்கு அப்புறம் பெரிய மௌ குறட்டை விடும்போது, பெங் பூனை மாதிரி வந்து பட்டையைச் சுற்றுவார். திடுக்கிட்டு எழுந்தால் என்ன செய்வது என்று பயந்து சின்ன மௌ அப்பாவின் உள்ளங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே குந்தியிருப்பார். எட்டு வருஷம் இப்படியே ஓடியது. பெரிய மௌ நன்றாகத்தான் இருந்தார். காகிதத்தில் அவர் இன்னும் நன்றாக இருந்தார்.

இந்த அழகில்தான் நகர அலுவலகத்திலிருந்து தியென் என்கிற அதிகாரியம்மா ஒரு நாள் மேல்வீட்டுக்கு ஏறிவந்தாள். நூறு தாண்டியவர்களைக் கணக்கெடுக்கிற வேலை. கையில் தொடுதிரைப் பலகை, காலில் சேறு, முகத்தில் சிரிப்பு. நல்ல பெண்தான், குறை சொல்வதற்கில்லை.

"பெரிய தாத்தா, உங்க உடம்புல நாள்பட்ட வியாதி ஏதாச்சும் இருக்கா?"

"என்னம்மா அது?"

"ரொம்ப நாளா கூடவே இருக்கிறது."

"இவன்தான் இருக்கான்" என்று மகனைக் காட்டினார் பெரிய மௌ.

அவள் சிரித்தபடியே 'இல்லை' என்று தட்டினாள். மாவட்டத்திலேயே ஒரு வியாதியும் இல்லாத நூற்றிரண்டு வயசுக்காரர் இவர் ஒருத்தர்தானாம். 'நோயறியா நூறு' என்று தங்க எழுத்தில் சிவப்புப் பலகை கொடுப்பார்களாம். பெரிய மௌ மகன் பக்கம் முகத்தைத் திருப்பிய மிடுக்கைப் பார்க்கவேண்டுமே.

"சரி, இப்ப உங்களைப் பார்த்துக்கிறவரைப் பத்தி. நீங்கதானே தாத்தா?" என்று சின்ன மௌவிடம் திரும்பினாள்.

"யாரைத் தாத்தாங்குற? அவன் சின்னப் பையன்" என்றார் பெரிய மௌ.

தியென் அடையாள எண்ணைத் தட்டினாள். திரை சிவந்தது. அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் கழன்றது. எட்டு வியாதி. அதில் இதயம் பெருத்தது ஒன்று, பிரஷரில் மூன்றாம் நிலை ஒன்று. அவள் சின்ன மௌவை வாசலுக்குக் கூட்டிவந்து குரலைத் தணித்தாள். பாவம், அந்த நேரத்தில் அவர் ஒரு மூட்டை விறகைத் தோளில் வைத்திருந்தார்.

"அதை முதல்ல கீழ வைங்க தாத்தா. நீங்க படுக்கையில இருக்கவேண்டிய ஆளு. எப்படி நடமாடுறீங்கன்னே எனக்குப் புரியல."

"பழக்கம்மா."

"புது உத்தரவு ஒண்ணு வந்திருக்கு. நூறு தாண்டினவங்களைப் பார்த்துக்கிறவருக்குச் சிவப்பு விழுந்தா, பெரியவங்களை மாவட்ட முதியோர் இல்லத்துக்கு மாத்திடணும். நல்ல இடம்தான். ஹீட்டர் இருக்கு, டிவி இருக்கு. உங்க மகள்கிட்ட போன்ல பேசிட்டேன், அவங்களுக்கும் சம்மதம். வர்ற ஒன்பதாம் தேதி சுகாதார நிலையத்துல டாக்டருங்க வர்றாங்க. பலகையும் அங்கயே குடுத்து, அப்படியே வண்டியில கூட்டிட்டுப் போயிடலாம்."

சின்ன மௌ மனசுக்குள் வழியை அளந்தார். மாவட்டத் தலைநகர் நாற்பது கிலோமீட்டர். அப்பா ஆறாவது வளைவிலேயே குடலைக் கக்கிவிடுவார். அங்கே யாரோ ஒரு வெள்ளைச் சட்டை வந்து கையில் பட்டை சுற்றும், கண் தெரியாத மனுஷர் கத்துவார், உள்ளங்கையைப் பிடிக்க ஆளிருக்காது. அதற்குமேல் அவரால் நினைக்க முடியவில்லை. விறகை எடுத்துக்கொண்டு போய் அடுக்கினார். அடுக்கினதையே மறுபடி பிரித்து அடுக்கினார்.

மறுநாள் பெங்கிடம் ஓடினார். பெங்குக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"அண்ணே, எட்டு வருஷமா உங்கப்பா மருந்தை உங்க பேர்ல எழுதியிருக்கேன். வெளிய தெரிஞ்சா என் பிழைப்பு போச்சு."

"அப்ப அந்த மூணையும் அழிச்சிரு."

"முடியாதுண்ணே. இந்தக் கம்ப்யூட்டர்ல வியாதி உள்ள போகும், வெளிய வராது. குணமாயிடுச்சுன்னு எழுத ஒரு கட்டமே வைக்கல."

"அப்ப எப்பதான் அழியும்?"

பெங் மேசையைத் துடைத்தார். எப்போது அழியும் என்று இரண்டு பேருக்கும் புரிந்தது.

"இல்லன்னா ஒண்ணு பண்ணலாம்ணே. உண்மையைச் சொல்லிடலாம். அந்த மூணும் பெரியவரோடதுன்னு."

சின்ன மௌ தலையை ஆட்டினார். "சொன்னா அவரு கூழைத் தொடமாட்டாரு. கூழைத் தொடலன்னா மாத்திரை போகாது. ரெண்டு மாசம் தாங்குவாரா?"

"அதுவும் சரிதான்."

"தவிர, வியாதி இல்லங்கிறது ஒண்ணுதான்டா அவருகிட்ட மிச்சம் இருக்கு. கண்ணு போச்சு, காலு போச்சு. அதையும் நான் போய்ப் பிடுங்கவா?"

கடைசியில் சின்ன மௌ தனக்குத் தெரிந்த ஒரே வழியைத்தான் பிடித்தார். அவருக்கு வாதாடத் தெரியாது, சுமக்கத் தெரியும். நான் திடமாக இருக்கிறேன் என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு கட்டினார். ஒன்பதாம் தேதி காலையில் அப்பாவைக் கூடையில் உட்கார்த்தி, தாங்குகட்டையை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார். வழியில் எங்கும் நிற்கவில்லை. சந்தைக்கூட்டம் விலகி வழிவிட்டது. சுகாதார நிலையத்தின் இருபத்திரண்டு படியையும் ஒரே மூச்சில் ஏறி, நேராகக் கூடத்துக்குள் போய் நின்றார். முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். பல்செட் கொஞ்சம் நழுவியது, தள்ளிவிட்டார்.

மாவட்டத்திலிருந்து வந்திருந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இதுல யாரு நோயாளி?" என்று கேட்டார்.

"கீழ இருக்கிறவர்" என்றாள் தியென்.

சின்ன மௌவை உட்காரவைத்துப் பிரஷர் பார்த்தார்கள். நூற்றிருபத்தெட்டு. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்கள். டாக்டர் தியென் கையிலிருந்த திரையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், குழாயை உதறிவிட்டு மறுபடி வைத்தார். "இதயம் பெருத்திருக்குன்னு போட்டிருக்கு. எனக்கு இருக்கிறதைவிட நல்லா இருக்கே" என்றார். மூலையில் நின்ற பெங் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"மாத்திரை நல்லா வேலை செய்யுது போல" என்றாள் தியென். "ஆனா நான் பதிவைத்தான் பார்க்க முடியும். பதிவு சிவப்பாத்தான் இருக்கு. என்னை மன்னிச்சிடுங்க தாத்தா. வண்டி கீழ நிக்குது."

சின்ன மௌ எழுந்தார். சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தார். பக்கத்து நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில், வந்ததுமே கொடுத்திருந்த அந்தச் சிவப்புப் பலகை. தங்க எழுத்துகளைப் பார்க்க முடியாமல் விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். சின்ன மௌ அந்த விரலையே பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். எண்பது வயசில் அத்தனை பேர் முன்னால் அழுதுவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது.

"ஏம்மா" என்றார் பெரிய மௌ, தடவுவதை நிறுத்தாமல். "அவனுக்கு என்னென்ன இருக்குன்னு கொஞ்சம் படி. இந்தப் பக்கக் காதுகிட்ட வந்து படி."

தியென் குனிந்து படித்தாள். சர்க்கரை. முட்டித் தேய்மானம். இடுப்பு வட்டு. கண்புரை. மூத்திரக் கோளாறு. பிரஷர், மூன்றாம் நிலை. இதயம் பெருத்தது. நெஞ்சுச் சளி. பெரிய மௌ ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். கடைசி மூன்று விரலை மட்டும் மறுபடி நீட்டிக் காட்டினார்.

"இந்த மூணும் என்னுது."

தியென் தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா" என்றார் சின்ன மௌ.

"என்ன அப்பா? எள்ளு எங்கயாவது எட்டு வருஷமா கசக்குமாடா? எனக்குக் கண்ணுதான் போச்சு, நாக்குமா போச்சு? அப்புறம் என் சவப்பெட்டிக்குள்ள மருந்துக்கடை வெச்சிருக்கியே, மேல ஏறும்போது உன் முட்டி போடுற சத்தம் கீழ வரைக்கும் கேக்குது. இந்தப் பக்கக் காது நல்ல காது."

பெங் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"நில்லுடா பெங். நீ வந்து கையில கட்டுறதும் எனக்குத் தெரியும். தூங்குறவன் கையில கட்டு போட்டா தெரியாதா? எண்பது வருஷமா இந்தக் கை தூங்கினதே இல்ல."

"அப்புறம் ஏன்பா ஒண்ணும் சொல்லல?" என்றார் சின்ன மௌ.

பெரிய மௌ பலகையின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அண்ணன் எனக்கு முன்னாடி கட்டுல இருந்தான். கையைப் பிடிச்சுக்கோடான்னான். எட்டல எனக்கு." புஜத்தைத் தடவிக்கொண்டார். "இப்ப கட்டும்போது நீ பிடிச்சிருந்த. சரி, போகட்டும்னு கிடந்தேன்."

மாவட்ட டாக்டர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். சின்ன மௌ போய் அப்பா பக்கத்தில் குந்தினார். முட்டி 'மடக்' என்றது, கூடம் முழுக்கக் கேட்டது.

அந்தச் சத்தம்தான் பெரிய மௌவை உசுப்பியது. "இந்தாம்மா, எழுதிக்கோ" என்றார், பழைய குரலில். "மூணு இல்ல. எட்டையும் என் பேர்ல எழுது. அப்பன் உட்கார்ந்திருக்கும்போது மகனுக்கு என்ன வியாதி வேண்டிக்கிடக்கு? வரிசைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"அப்படியெல்லாம் மாத்த முடியாது பெரிய தாத்தா" என்றாள் தியென். ஆனால் விரல் திரையில் தேடிக்கொண்டுதானிருந்தது. ஒரு இடத்தில் நின்றது. "ஒரே ஒரு கட்டம் இருக்கு. 'ஒருவர் பதிவு தவறுதலாக இன்னொருவர் பேரில் சேர்ந்தது.' ஆனா அதைத் தட்டினா முழுசா போயிடும். பிரிச்சு எடுக்க வராது. எட்டும் இவருக்குப் போகும், இல்ல எட்டும் அங்கயே இருக்கும்."

"சுமைக்காரருக்கு வர்ற இடுப்பு வட்டு இவருக்கு எப்படி வரும்?" என்று மாவட்ட டாக்டர் இழுத்தார்.

"நூத்திரண்டு வருஷமா உட்கார்ந்தே இருக்கேன்யா. இடுப்பு வலிக்காதா?"

டாக்டர் மூலையிலிருந்த பெங்கைப் பார்த்தார், குந்தியிருந்த சின்ன மௌவைப் பார்த்தார், பிறகு சன்னலுக்கு வெளியே சந்தையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "பேரு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. தவறுதலா சேர்றது சகஜம்தான்" என்றார் சன்னலிடம்.

"அவருக்கு ஒரு தடவை பிரஷர் பார்த்தாத்தான் பதிவு ஏறும்" என்றாள் தியென்.

எல்லோரும் பெரிய மௌவைப் பார்த்தார்கள். அவர் சட்டைக்கையைத் தானே மேலே சுருட்டினார். மறு கையை நீட்டிக் காற்றில் துழாவினார். சின்ன மௌ அதைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டு" என்றார் பெரிய மௌ. பட்டை ஊதி இறுகி முடிகிறவரைக்கும் மகன் விரல்களை நெரித்தே விட்டார். நூற்றைம்பது வந்தது. அந்த வயசுக்கு நல்ல எண் என்றார்கள்.

தியென் கட்டத்தைத் தட்டினாள். எட்டு வியாதியும் ஒரே நொடியில் அப்பன் வீட்டுக்குக் குடிபோயின. பார்த்துக்கொள்கிறவர் பக்கம் பச்சை. மௌ லுன்ஹாய், வயது எண்பது, நாள்பட்ட வியாதி எதுவுமில்லை. கீழே நின்ற வண்டி காலியாகவே திரும்பியது. பலகையைத்தான் அவள் தயங்கித் தயங்கித் திரும்பக் கேட்டாள்.

"இதை நான் எடுத்துட்டுப் போகணும் பெரிய தாத்தா. உங்களுக்கு இப்ப எட்டு இருக்கே."

"எதுக்கு எடுத்துட்டுப் போற? இவனுக்குக் குடு. இவனுக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

"அது நூறு ஆனவங்களுக்குத்தான்."

"இருபது வருஷம்தானே. இருப்பான். நான் பார்த்துக்கிறேன்."

அன்று டீக்கடையில் பெரிய மௌவின் ஆட்டத்தைத் தாங்க முடியவில்லை. மூன்று வியாதி வைத்திருந்த மர வியாபாரி, "எனக்குப் பிரஷர்ங்க" என்று வாயைத் திறந்தார். "ஒண்ணா? எனக்கு எட்டு" என்று பெரிய மௌ விரல்களை விரித்தார். "எங்க காலத்து உடம்புய்யா. எட்டையும் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன் பாரு. உங்களுக்கெல்லாம் ரெண்டுக்கே நாக்கு தள்ளுது." நேற்றுவரை வியாதி இல்லை என்று பீற்றிய அதே வாய். எரிச்சலில் மர வியாபாரி எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து மாத்திரை டப்பாக்கள் சவப்பெட்டியிலிருந்து இறங்கிச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டன. அனைத்தும் பெரிய மௌ பேரில் வருவதால் அவற்றுக்கு அவர்தான் எஜமானர். காலையில் உட்கார்ந்து, தடவித் தடவிப் பார்த்து, மூன்றைத் தன் பக்கம் ஒதுக்கி, ஐந்தை மகன் பக்கம் தள்ளுவார். "இந்தா, என் மாத்திரையைத் தின்னு" என்பார். தன்னுடையதை நுணுக்க விடுவதில்லை, முழுசாகத்தான் விழுங்குகிறார். கூழ் இப்போது கசக்கவில்லை என்றும் ஆனாலும் என்னவோ குறைகிறது என்றும் ஒருநாள் புகார் சொன்னார்.

அன்று சுகாதார நிலையத்திலிருந்து வீடு திரும்பின கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சாயங்காலம் சின்ன மௌ அப்பாவைக் கூடையில் வைத்துக்கொண்டு ஏறினார். காலையில் வீம்புக்கு ஓடிவந்தது இப்போது வட்டியும் முதலுமாகக் காலில் வந்து நின்றது. தாங்குகட்டையும் இல்லை. வளைவுக்கு வளைவு பல்லைக் கடித்துக்கொண்டு, ஆறாவது வளைவில் முட்டி மடங்கப் பார்த்தபோது, எண்பது வருஷமாக அப்பன் காதுபட விடாத ஒரு முனகல் அவரையும் மீறி வெளியே வந்துவிட்டது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒரு கை பின்னாலிருந்து துழாவிவந்து அவர் தோளில் உட்கார்ந்தது.

"முட்டியாடா?"

"ஒண்ணுமில்லப்பா."

"நின்னு இளைப்பாறு. அப்புறம் நட" என்றார் பெரிய மௌ. "வலிக்குதேன்னு பார்க்காத. அது என் முட்டி."